ஒரு காய்ச்சலும் உயிரியற் பாடமும்

1934ஆம் ஆண்டில் இலங்கையிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வற்றாது ஓடுவன எனப் பெயர்பெற்ற ஆறுகள் மெலிந்து, மணற்றிட்டுகளுக்கும் பாறைகளுக்கும் இடையே சிறு சிறு குட்டைகளாகத் துண்டுபட்டன. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த மக்கள் பயிர் கருகுவதைக் கண்டு கவலையுற்றனர். குட்டைகளைப் பற்றிக் கவலையுற்றோர் மிகச் சிலரே. ஆண்டின் இறுதி மாதங்களிற் காய்ச்சல் தொடங்கியது. கேகாலை, குருணாகல் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு நடுக்கமும் சுரமுமாக மக்கள் பாயிற் கிடந்தனர். 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாட்டின் மக்கள்தொகை 53 இலட்சமே என்பதை நினைவிற் கொண்டால் அவ்விழப்பின் பருமன் புலனாகும்.

மழை பெய்தால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினாற் காய்ச்சல் வரும் என்பது பலரும் அறிந்த கணக்கு. மழை இல்லாத ஆண்டிற் கொள்ளைநோய் வந்தது எங்ஙனம்? அதுவும், காலங்காலமாக மலேரியாவுக்கு இருப்பிடமெனப்பட்ட வன்னியையும் அனுராதபுரத்தையும் விட, அக்காய்ச்சலை அதிகம் அறியாத ஈரமான ஊர்களை அது வதைத்தது ஏன்? இவ்வினாக்களுக்குரிய விடை மருத்துவ நூல்களில் மாத்திரம் அடங்கியதன்று. பாடசாலையிற் பயிலும் உயிரியல் நூலிலேயே அது முழுவதும் உண்டு. ஆனால் ஓரிடத்தில் இல்லை. முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை சிதறிக் கிடக்கிறது.

உயர் வகுப்பு மாணவன் தேர்வுக்கு முன் அந்நூலை மீட்டுப் படிக்கும்போது, முதலில் நீரும் காபனும் புரதமும் வருகின்றன. பின்னர் கலம், சுவாசம், கலப்பிரிவு, பரம்பரை, கூர்ப்பு என்பன வருகின்றன. இறுதியிற் குடித்தொகைச் சூழலியல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வினா, தனி விடை. இடையே உள்ள சுவர்கள் நூலாசிரியர் வசதிக்காக எழுப்பியவை. மலேரியா ஒட்டுண்ணி அச்சுவர்களை அறியாது. அது அத்தியாயந்தோறும் நுழைந்து வெளிவருகிறது. அதன் பின்னே செல்லும் மாணவன் பாடம் முழுவதையும் ஒருமுறை கடந்துவிடுவான்.

முதலில் நீர். நீர் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அதன் பக்கத்திற் சிறிது எதிரேற்றமும் ஐதரசன் பக்கத்திற் சிறிது நேரேற்றமும் அமைகின்றன. ஆதலின் ஒரு மூலக்கூறின் ஐதரசன் அயலிலுள்ள மூலக்கூறின் ஒட்சிசனைப் பற்றுகிறது. ஐதரசன் பிணைப்பு எனப்படும் இப்பற்றினால், நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நிற்கிறது. பாடநூலில் மேற்பரப்பிழுவிசை என ஒரு வரியில் முடிந்துவிடும் இப்பண்பு, ஒரு பூச்சிக்கு வாழ்வும் சாவுமாகும். அனோபிலிசு நுளம்பின் குடம்பி அத்தோலின் கீழே, மேற்பரப்போடு ஒட்டியபடி படுக்கையாகக் கிடந்து காற்றைச் சுவாசிக்கிறது. வீட்டுக் கானிலுள்ள கியூலெக்சு நுளம்பின் குடம்பியோ தலையைக் கீழே விட்டுச் சரிந்து தொங்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் ஒரு பார்வையிற் பிரித்தறியலாம். குட்டைகளில் எண்ணெய் தெளிக்கும் பழைய முறையின் உட்பொருளும் இதுவே. நீர்த்தோலின் இழுவிசை குன்ற, குடம்பியின் சுவாசத் துவாரத்தில் எண்ணெய் புகுந்து அடைத்துக்கொள்கிறது.

அடுத்து வருவது புரதம். இங்கே சற்று நின்று பார்த்தல் வேண்டும். மலேரியாவின் மறை பெரும்பாலும் இவ்விடத்திலேதான் உள்ளது.

மனிதக் குருதியின் ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள் உள்ளன. ஒரு செங்குழியத்தினுள்ளே ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. ஈமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளாலானது. அவற்றுள் இரண்டு ஒவ்வொன்றும் 141 அமினோ அமிலங்கள் கோத்தவை. மற்றிரண்டும் 146 கோத்தவை. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்பிலும் ஈம் எனப்படும் தட்டையான ஒரு கூட்டம் பொருந்தியுள்ளது. அதன் நடுவே ஓர் இரும்பணு. ஒட்சிசனைப் பற்றுவதும் விடுவதும் அவ்விரும்பின் தொழில். புரதச் சங்கிலி அதனை அணைத்து வைத்திருக்கும் வரையில் ஈம் அடங்கியிருக்கும். அணைப்பை விட்டு வெளிப்பட்ட ஈமோ நச்சுப்பொருள். மென்சவ்வுகளைச் சிதைக்க வல்லது.

மலேரியா ஒட்டுண்ணியாகிய பிளாசுமோடியம் செங்குழியத்தினுட் புகுந்ததும் ஈமோகுளோபினின் பெரும்பகுதியை விழுங்குகிறது. தன் உடலிலுள்ள அமிலத்தன்மை வாய்ந்த ஒரு சிறு புன்வெற்றிடத்தில் வைத்து, நொதியங்களால் அதனை வெட்டி அமினோ அமிலங்களாக்குகிறது. நொதியம் ஒவ்வொன்றும் தனக்குரிய பிணைப்பை மாத்திரம் வெட்டும் என்பதும், அதற்குரிய அமிலநிலை வேண்டும் என்பதும் பாடத்திற் படித்தவையே. உணவு கிடைத்துவிட்டது, ஆனால் எச்சமாக ஈம் குவிகிறது. தன் உணவின் நஞ்சினாலேயே ஒட்டுண்ணி இறக்க வேண்டிய நிலை. அது அந்த ஈமை ஒன்றோடொன்று அடுக்கிக் கரையாத கரும்பழுப்புப் பளிங்காக்கி ஒதுக்கிவிடுகிறது. 1880ஆம் ஆண்டில் அல்சீரியாவிற் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் லவெரான், காய்ச்சற்காரரின் குருதியைக் கண்ணாடித்தட்டில் வைத்துப் பார்த்து ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அவர் கண்ணை முதலில் ஈர்த்தவற்றுள் இக்கருநிறத் துணிக்கைகளும் அடங்கும்.

குளோரோகுயின் என்னும் மருந்து அப்புன்வெற்றிடத்துட் சேர்ந்து, ஈம் பளிங்காவதைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி தன் எச்சத்தாலேயே மடிகிறது. மக்கள் கொயினா என வழங்கிய குயினைனும் பெரும்பாலும் இவ்வழியிலேயே செயற்படுவதாகக் கருதப்படுகிறது. அது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. கக்கலைத் தாவரத் தோட்டம் 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்ப்பதற்காகத்தான். பின்னர் விலை வீழ்ச்சியுற, மலைநாட்டிற் சிங்கோனா நின்ற நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1934இற் காய்ச்சலில் நடுங்கியவர்களுள் எத்தனை பேர் அத்தோட்டங்களின் வரலாற்றை அறிந்திருப்பர்! சீனாவின் தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்து, 2015இல் நோபெற் பரிசு பெறக் காரணமாயிருந்த ஆட்டிமிசினினும் ஈமின் இரும்பையே தன் வினைக்குத் துணையாகக் கொள்கிறது. ஆக, ஒரு மருத்துவப் பெட்டியின் பாதி, ஓர் இரும்பணுவைச் சுற்றியே அமைந்துள்ளது.

கலத்தைப் பற்றிய அத்தியாயத்தை விரைந்து கடக்கலாம். கரு, இழைமணி, மென்சவ்வு, அகமுதலுருச் சிறுவலை என்பன ஒட்டுண்ணியிலும் உண்டு. செங்குழியத்திற் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. ஆதலின் செங்குழியம் ஒட்சிசனைச் சுமந்து செல்லுமேயன்றித் தான் அதனைப் பயன்படுத்துவதில்லை. குளுக்கோசை அரைகுறையாக உடைத்து, ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஏ.ரி.பி. மாத்திரம் ஈட்டுகிறது. ஒட்டுண்ணியும் குருதியில் வாழுங் காலத்திற் பெரும்பாலும் அவ்வழியையே நாடுவதால், தொற்றிய கலம் குளுக்கோசைப் பன்மடங்கு செலவிடுகிறது. கடும் மலேரியாவிற் பிள்ளைகளின் குருதியில் வெல்லம் வீழ்ந்து இலத்திரிக்கமிலம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றின்றிய சுவாசத்தின் சமன்பாட்டை மனனஞ் செய்யும் மாணவன், அச்சமன்பாடு ஒரு குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தவும் கூடும் என்பதை அறிந்தால் அதனை எளிதில் மறவான்.

கலத்தின் உறுப்புகளுள் ஒன்றை மாத்திரம் சிறப்பாகக் கூறவேண்டும். ஒட்டுண்ணியினுள்ளே நான்கு மென்சவ்வுகளாற் சூழப்பட்ட ஒரு சிற்றுறுப்பு உண்டு. அது யாதென நெடுங்காலம் விளங்கவில்லை. அதிலுள்ள டீ.என்.ஏ.யை 1990களில் ஆராய்ந்தபோது, பாசிகளின் உருமணியோடு அதற்கு உறவு உண்டென்பது தெளிவாயிற்று. பண்டைக் காலத்தில் ஒட்டுண்ணியின் முன்னோர் ஒரு பாசியை விழுங்கி, அதனை அழிக்காது தம்முள் வைத்துக்கொண்டனர். ஒளித்தொகுப்புச் செய்யும் ஆற்றல் அழிந்துபோயிற்று. உறுப்பு மட்டும் வேறு தொழில்களுக்காக எஞ்சியது. சூரிய ஒளியில் உணவு சமைத்த குலத்தின் உறவினன் மனிதக் குருதியின் இருளிற் களவெடுத்து வாழ்கிறான்! மனிதனிடத்தில் இவ்வுறுப்பு இன்மையால், மனிதனைத் தாக்காது அதனை மட்டும் தாக்கும் மருந்துகளும் பயன்படுகின்றன.

இனிப் பெருக்கம். நுளம்பின் உமிழ்நீரோடு தோலிற் புகும் ஊசி போன்ற மிகச் சில ஒட்டுண்ணிகள் குறுகிய நேரத்தில் ஈரலை அடைகின்றன. அங்கே ஓர் ஈரற்கலத்திலிருந்தே ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன. பின்னர் செங்குழியங்களில் 48 மணிக்கு ஒருமுறை பெருக்கம் நிகழ்கிறது. வைவாக்சு இனம் ஒரு செங்குழியத்தில் 12 முதல் 24 வரையான புதிய ஒட்டுண்ணிகளைத் தோற்றுவிக்கும். 16 எனக் கொண்டு கணக்கிட்டால், ஒன்று இரண்டு நாளில் 16 ஆகும். நான்கு நாளில் 256. எட்டு நாளில் 65,536. ஒரே வேளையிற் பல கோடிக் கலங்கள் வெடிப்பதாலேயே குறித்த முறையில் நடுக்கமும் சுரமும் வியர்வையும் வருகின்றன. முறைக்காய்ச்சல் என்னும் பழைய தமிழ்ப் பெயர் இழையுருப்பிரிவின் கடிகாரத்தையே குறிக்கிறது எனலாம்.

இவ்வெண்கள் இப்படியே ஏறிச்சென்றால் இரண்டு வாரத்திற் செங்குழியம் ஒன்றும் மிஞ்சாது. அவ்வாறு பெரும்பாலும் நிகழ்வதில்லை. உடலின் காப்புக் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. சுரத்தின் வெம்மையே ஒட்டுண்ணியை ஓரளவு ஒடுக்குகிறது. இளஞ் செங்குழியங்களை மட்டுமே விரும்பும் வைவாக்சுக்கு இடம் பற்றாமற் போகிறது. கடைசி அத்தியாயத்தில் வரும் குடித்தொகை வளைகோடு இங்கே ஒரு மனிதனின் நாளத்துள்ளேயே வரையப்படுகிறது. வைவாக்சு வேறொரு தந்திரமும் அறியும். ஈரலிற் சில ஒட்டுண்ணிகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நோயாளி முற்றாகக் குணமடைந்தான் என எண்ணியிருக்கும் வேளையில் விழித்தெழும்.

குருதியில் நிகழ்வது இலிங்கமில் முறைப் பெருக்கம். ஆணும் பெண்ணுமான வடிவங்கள் அங்கே உருவாகின்றனவாயினும், அவை கூடுவது நுளம்பின் வயிற்றிலேதான். பெண் நுளம்பு தன் முட்டைகளுக்கு வேண்டிய புரதத்துக்காகக் குருதியை உறிஞ்சுகிறது. ஆண் நுளம்பு தாவரச் சாற்றோடு அமைந்துவிடும். உறிஞ்சிய குருதி ஆறியவுடன் புணரிகள் தோன்றி, ஒன்றுகூடி நுகம் ஆகின்றன. அந்த நுகத்தில் மட்டுமே 14 நிறமூர்த்தங்களும் இரட்டையாக உள்ளன. அங்கேயே ஒடுக்கற் பிரிவும் நிகழ்கிறது. இலிங்க முறை நிகழும் விருந்துவழங்கியே முதன்மை விருந்துவழங்கி என்பது விதி. அவ்விதிப்படி ஒட்டுண்ணியின் உண்மையான வீடு நுளம்பு. மனிதன் இடைத்தங்கல் மடம். மனிதனுக்கு இது பெருமை தரும் செய்தியன்று.

நுளம்பினுள் இவ்வளர்ச்சி முடிந்து, ஒட்டுண்ணி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 10 நாள் அல்லது அதற்கு மேலும் செல்லும். வெப்பம் குறைந்தால் இன்னும் நீளும். 16 பாகை சதமளவைக்குக் கீழே வைவாக்சு வளராது. மலைநாட்டின் உச்சியிலுள்ள ஊர்கள் மலேரியாவுக்கு அஞ்சாதிருந்தமைக்கு இதுவே காரணம். அந்தப் பத்து நாட்கணக்கை நினைவில் வைத்தல் வேண்டும்; அது பின்னர் பெரிதும் வேண்டப்படும்.

பரம்பரை அத்தியாயத்தில், மெண்டலின் பட்டாணிக்குப் பின் பெரும்பாலும் அரிவாட்கல நோய் எடுத்துக்காட்டாக வருகிறது. 1949இல் லைனஸ் போலிங்கும் அவர் தோழரும் அந்நோயாளரின் ஈமோகுளோபின் வேறானது எனக் காட்டினர். 1956, 1957ஆம் ஆண்டுகளில் வேர்னன் இங்கிராம் அவ்வேறுபாடு எங்குள்ளது எனக் கண்டார். 146 அமினோ அமிலச் சங்கிலியில் ஆறாம் இடத்திற் குளுற்றாமிக் கமிலத்துக்குப் பதிலாக வலீன் உள்ளது, வேறு மாற்றமில்லை. பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறியது. ஒட்சிசன் குறைந்தபோது கலம் அரிவாளாக வளைந்தது. தாயிடமும் தந்தையிடமும் இருந்து அவ்வலகைப் பெற்ற பிள்ளை துன்புறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளையோ பொதுவாக நலமாயிருப்பதுடன் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் தப்புகிறது. ஆபிரிக்காவில் இதனை ஆராய்ந்து 1954இல் அந்தொனி அலிசன் வெளியிட்டார். தீய அலகு அழிந்துபோகாமல் மலேரியா நாடுகளில் நிலைத்திருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

இலங்கையில் அவ்விடத்தை வகிப்பது பெரும்பாலும் தலசீமியா. ஈமோகுளோபினின் சங்கிலிகளுள் ஒன்று போதிய அளவிற் தோன்றாமையே அந்நோய். அந்நோயாளர் மிகுந்த மாவட்டங்களுள் குருணாகலும் ஒன்று. இதனைக் கேட்டதும் 1934ஆம் ஆண்டின் கொள்ளைநோயே இதற்குக் காரணம் என எண்ணுதல் பிழை. இயற்கைத் தேர்வு ஒரு பருவத்திற் செய்யும் வேலையன்று. அயலிலுள்ள உலர்வலயத்தில் நூறு தலைமுறைகளாக மெல்ல நடந்த தேர்வின் சுவடே இது. வாரந்தோறும் காய்ச்சற்காரரைக் காண்பது நின்றுபோன பின்பும், மாதந்தோறும் குருதியேற்ற வரும் பிள்ளைகளிடத்தே மலேரியாவின் வடு எஞ்சியுள்ளது.

இப்போது குட்டைகளுக்குத் திரும்பலாம்.

ஆறு நிறைந்து ஓடும்போது அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்புக்கு அங்கே இடமில்லை. ஓட்டம் முட்டையையும் குடம்பியையும் அடித்துச் செல்லும். எஞ்சியவற்றை மீன் தின்னும். ஆறு வற்றிக் குட்டைகளானதும் நிலை தலைகீழாகிறது. நீர் தெளிந்து நிற்கிறது, வெயில் படுகிறது, ஒளித்தொகுப்பாற் பாசி வளர்கிறது, பாசியும் பற்றீரியாவும் குடம்பிக்கு உணவாகின்றன. சிறு குட்டைகளில் மீன் இல்லை. வெம்மையால் முட்டை விரைந்து நுளம்பாகிறது. ஒரு பெண் நுளம்பு ஒரு முறையில் 100 முட்டை இட்டு, அவற்றுட் பாதி பெண்ணாகி, எல்லாம் பிழைத்தன என வைத்துக்கொண்டால், நான்காம் தலைமுறையில் 62 இலட்சத்து 50 ஆயிரம் பெண் நுளம்புகள் இருக்கும். வழக்கமான ஆண்டுகளில் இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காயே. சூழலின் தாங்குதிறன் அதனை வெட்டிவிடும். 1934இல் வறட்சி அத்தாங்குதிறனையே உயர்த்திவிட்டது. நீர் குறைந்தது, நுளம்புக்கு ஏற்ற நீர் பெருகியது. பொதுவாக மாட்டையே நாடும் அந்நுளம்பு மிதமிஞ்சிப் பெருகியபோது மனிதனும் தப்பவில்லை.

மற்றை வினாவுக்கும் இங்கேயே விடையுண்டு. உலர்வலய மக்கள் சிறு வயது முதல் அடிக்கடி காய்ச்சலுற்று, பிழைத்தவர் ஓரளவு எதிர்ப்புச் சத்தி பெற்றிருந்தனர். அதற்காக அவர்கள் கொடுத்த விலை, இறந்துபோன பிள்ளைகள். ஆற்றோரத்து ஈரமான ஊர்களில் அவ்வெதிர்ப்பு இல்லை. ஊர்களோ நெருக்கமானவை, பயிர் இழந்து வயிறும் காய்ந்திருந்தது. குடித்தொகையின் அடர்த்தி கூடியவிடத்து நோய் எளிதிற் பரவும் என்று நூல் கூறும். அவ்வாக்கியம் கேகாலையில் மெய்ப்பிக்கப்பட்டது.

நுளம்பே மலேரியாவைக் காவுகிறது என்பதற்கு வழிதிறந்தவர் ரொனால்ட் றொஸ். 1897 ஓகத்து 20ஆம் நாள் செக்கந்தராபாத்தில், நுளம்பொன்றின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். அவர் பின்னர் கணக்கிலும் இறங்கினார் என்பதைப் பலர் அறியார். ஒரு நோயாளியால் ஒருவருக்கு மேற் புதிதாகத் தொற்றினால் நோய் பெருகும்; ஒருவருக்குக் குறைவாயின் தானே தேயும். ஆதலின் நுளம்புகள் அனைத்தையும் கொல்ல வேண்டியதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே அவற்றைக் குறைத்தாற் போதும் என்று அவர் காட்டினார். அக்காலத்தில் இதனை நம்பியோர் அதிகமில்லை.

1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அக்கணக்கை மேலும் நுணுக்கினார். முன்னர் குறித்த 10 நாள் இங்கே வருகிறது. ஒட்டுண்ணி முதிரும் வரையில் நுளம்பு உயிரோடிருந்தாலன்றி நோய் பரவாது. நாளொன்றுக்கு 100 நுளம்பில் 90 பிழைத்தால், 10 நாளின் பின் 35 எஞ்சும். நாளொன்றுக்கு 60 மட்டுமே பிழைக்குமாறு செய்தால், 10 நாளின் பின் ஒன்றுகூட எஞ்சுவது அரிது. நுளம்பின் தொகையை விட அதன் ஆயுளைக் குறைப்பதே ஆற்றல் மிக்க வழி. குருதி குடித்த நுளம்பு பாரத்தோடு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அச்சுவரில் நஞ்சு பூசினால்?

அந்நஞ்சு டீ.டீ.ரீ. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டறிந்தார். 1946 முதல் இலங்கையில் வீட்டுச் சுவர்களில் அது பரவலாகத் தெளிக்கப்பட்டது. காய்ச்சல் சரிந்தது. கைவிடப்பட்டிருந்த உலர்வலய நிலங்களிற் குடியேற்றங்கள் எழுந்தன. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. அவருட் பலர் வெளியிலிருந்து தொற்றோடு வந்தோர்.

வெற்றி முழுமையுற்றதாகக் கருதப்பட்டது. 1964இல் தெளித்தல் நிறுத்தப்பட்டது. நுளம்போ அழிந்துபோகவில்லை, குட்டைகளும் அழியவில்லை. புதிதாகப் பிறந்த பிள்ளைகளிடம் எதிர்ப்புச் சத்தியும் இல்லை. றொஸின் எல்லைக்குக் கீழே அழுத்தி வைத்திருந்த கை எடுக்கப்பட்டதும், மழை குன்றிய ஒரு பருவமும், இரத்தினக்கல் தோண்டிய குழிகளில் தேங்கிய நீரும், இடம்பெயர்ந்து திரிந்த தொழிலாளரும் ஒருங்கு சேர்ந்தபோது, 1967இல் நோய் தலைதூக்கியது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது. சூழலைக் கருதி டீ.டீ.ரீ.யைத் தடைசெய்ததால் இக்கேடு விளைந்தது என்று இன்றும் சிலர் எழுதுவர். அது சரியன்று. நோய் காணப்படாமையாலேயே தெளித்தல் நின்றது. டீ.டீ.ரீ. கொழுப்பிற் கரைந்து, நீர்ப்பூச்சியிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் செறிந்து ஏறுகிறது என்பது வேறொரு உண்மை. உணவுச் சங்கிலி அத்தியாயத்துக்கு உரியது.

மீண்டும் தெளித்தபோது டீ.டீ.ரீ. முன்போல் வேலைசெய்யவில்லை. நுளம்பு நஞ்சுக்குப் பழகிவிட்டது என்று மக்கள் கூறினர். மாணவன் அவ்வாறு எழுதினால் ஆசிரியர் சிவப்புக் கோடிட வேண்டும். தனியொரு நுளம்பு பழகுவதில்லை. அது சாகும் அல்லது பிழைக்கும். நஞ்சைச் சிதைக்கும் நொதியம் மிகுந்த சில நுளம்புகள் முன்னரே கூட்டத்தில் அரிதாக இருந்தன. மற்றவை மடிய அவை இனம்பெருக்கின. ஒரு சில ஆண்டுகளுக்குள், அதாவது நுளம்பின் நூறு தலைமுறைக்குள், அரிதானது பொதுவாயிற்று. மனிதனுக்கு நூறு தலைமுறை என்பது ஈராயிரம் ஆண்டுக்கு மேல். குருணாகலின் தலசீமியாவும் சுவரிலிருந்த நுளம்பும் ஒரே விதிக்கு உட்பட்டவை, கடிகாரம் மட்டும் வேறு. 1970களில் டீ.டீ.ரீ. கைவிடப்பட்டு மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது.

அதன்பின் இலங்கை ஒரே ஆயுதத்தை நம்பவில்லை. போர்க்காலத்தில் நோய் மீண்டும் பெருகி, 1999இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. நஞ்சை மாற்றி மாற்றித் தெளித்தனர்; நுளம்பு வலைகள் வழங்கினர்; காய்ச்சற்காரர் வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராது, போர் நடந்த வடகிழக்கு ஊர்களிலும் சென்று குருதி எடுத்துப் பார்த்தனர். ஈரலில் உறங்கும் வைவாக்சையும் பிறிமாகுயின் கொடுத்து அழித்தனர். உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆற்றுக் குட்டைகளில் குலிசிபேசிசு இன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தொற்றோடு வருவோரும் ஆண்டுதோறும் உளர். ஆதலின் தொலைதேசம் சென்று திரும்பியவருக்குச் சுரம் கண்டால், டெங்குவென ஊகித்து நிற்காது குருதித் தட்டில் ஒட்டுண்ணியைத் தேடுமாறு மருத்துவர் அறிவுறுத்தப்படுகின்றனர். சான்றிதழ் கிடைத்த சிறிது காலத்துக்குள், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு தெபென்சி என்னும் வேறொரு நுளம்பு மன்னார்த் தீவிற் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது ஆற்றுக் குட்டையை எதிர்பாராது. கிணறும் நீர்த்தொட்டியும் அதற்குப் போதும். மழை பொய்த்தாலும் பெய்தாலும் கிணறு எப்போதும் இருக்கும். குடம்பி தின்னும் மீன்கள் கிணறுகளில் விடப்பட்டன. சுகாதார ஊழியர் நீரை அகப்பையால் மொண்டு வெயிலில் நீட்டிப் பார்க்கின்றனர். தொங்கும் குடம்பியாயின் ஒருவாறு ஆறுதல். நீர்த்தோலோடு ஒட்டிப் படுத்திருக்கும் குடம்பியாயின், அதனைச் சிறு போத்தலில் இட்டு ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்கின்றனர்.